மூன்றாம் கேள்விக்குப் பூஜ்யம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமியார் எழுதும் கடிதம். நான் சௌக்கியம். நீயும் என் மகனும் பேத்திகளும் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதம் முன்பு நீ எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்து ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாய். அதனால் பலன் உண்டா என்று இங்கே தங்கியிருப்பவர்களே சொல்லட்டும் என்று இப்போது பத்துக் கேள்விகளோடு படிவமும் அனுப்பியிருக்கிறாய். மருமகளின் வேலைக்கு மதிப்பெண் போடும் பாக்கியம் எத்தனை மாமியார்களுக்குக் கிடைக்கும்? கான்வென்ட்டில் படித்தவள் நான், ஓரவஞ்சனை செய்ய மாட்டேன். ஆனால் என் அறையைக் கவனிக்கும் சுருட்டைக்கு (தலைமுடியால் வந்த பெயர்) உன் மூன்றாம் கேள்வியில் பூஜ்யம்தான். 'கதவைத் தட்டி, அனுமதி பெற்று உள்ளே வருகிறாரா?' இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவள் என் கதவைத் தட்டியதில்லை. ஊசி விழுந்தால்கூடக் கேட்கும் காது எனக்கு, உனக்கே தெரியும்.

தட்டாதது கூடப் பரவாயில்லை, டீ விஷயம்தான் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. பயிற்சிக்கு முன்னால் சுருட்டை புயல் மாதிரி நுழைவாள், டீ நாக்கைச் சுடும். பயிற்சிக்குப் பிறகு ஆடை படிந்து, ஆறிப்போய் வருகிறது. ஏன்? ஆராய்ந்தேன். சமையலறையில் போய் நின்று பார்த்தேன், சரியாக நான்கு மணிக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறார்கள். அங்கிருந்து என் அறைக்கு நாற்பத்திரண்டு அடி, என் முழங்காலுக்கே இரண்டு நிமிஷம்தான். ஆனால் என் கைக்கு வரும்போது மணி நாலேகால். அதுவும் நானே பொறுக்கமாட்டாமல் எழுந்து கதவைத் திறந்தால், அப்போதுதான் வந்தவள் மாதிரி டீயோடு வாசலில் நிற்கிறாள். நடுவில் கால் மணி நேரம் என்ன ஆகிறது? கேட்டேவிட்டேன். "ஏண்டி, என் டீ எந்த ஊரைச் சுத்திட்டு வருது?" "எங்கயும் போகலம்மா, உங்க வாசல்லதான் நின்னுட்டு இருக்கு." என்ன வாய் பார்! எதிர் அறை வாத்தியாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "நாலு மணியானா உங்க கதவைத் தட்டற சத்தத்துல என் தூக்கமே போச்சு"ங்கறார். பாவம், வயசாயிடுச்சு, பகல்லயே கனவு வருது. இத்தனைக்கும் உள்ளே வந்துவிட்டால் அனுமதி கேட்டே உயிரை வாங்குகிறாள். "போர்வையை மடிக்கட்டுமாம்மா?" "மடிக்காம கொடி ஏத்தப் போறியா?"

நேற்று மேற்பார்வையாளர் அம்மா வந்து, "உங்க மார்க்கை வெச்சுதாம்மா சுருட்டையை நிரந்தரமாக்கறதா, துணி துவைக்கிற பக்கம் தள்ளறதான்னு முடிவு" என்றார். மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அவளை மாதிரி வலிக்காமல் தலை வாரிவிட இங்கே ஆளில்லை. ஆனால் தலை வாரியதற்காகக் கதவைத் தட்டினாள் என்று எழுத முடியுமா? படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

என் மகனுக்கும் பேத்திகளுக்கும் ஆசி. நீயும் நீண்ட நாள் வாழ்ந்து, இனியாவது நன்றாகப் பயிற்சி கொடுக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நியாயம் தவறாத உன் மாமியார்

பி.கு.: உறையை ஒட்டுமுன், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நாலு மணிக்குக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். கை அதிர்ந்தது. மூன்று முறை. கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று முறை. காதில் ஒன்றும் விழவில்லை. திறந்தேன். சூடு போகாமலிருக்கக் கோப்பைமேல் சாஸரைக் கவிழ்த்துக்கொண்டு சுருட்டை நிற்கிறாள். "தினமும் இப்படித்தான் தட்டறியா?" "நீங்க 'வா'ன்னு சொல்றவரைக்கும் தட்டுவேம்மா. பதில் வராம உள்ள போகக்கூடாதுன்னு உங்க மருமக சொல்லிக் குடுத்தாங்களே." "சத்தமா ஒரு குரல் குடுக்கறதுக்கென்ன? வேலையே போகப் பார்த்துதேடி!" "கத்தினா உங்களுக்குக் காது கேக்கலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமேம்மா."

படிவத்தைக் கிழித்துவிட்டேன், வேறு அனுப்பு. மேற்பார்வையாளரிடம் நானே போய், "தட்டுகிறாள், என் கை சாட்சி" என்று சொல்லிவிட்டேன். காதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சுருட்டைக்குப் பத்துக்குப் பத்து. உனக்கு ஒன்பதுதான், பதில் வராவிட்டால் என்ன செய்வதென்று நீ சொல்லித் தரவில்லை. நீ வாங்கித் தந்து, தொலைந்துவிட்டதாக நான் சொன்ன காதுக் கருவி, காலுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. பாட்டரி மட்டும் அனுப்பு. பொட்டலத்தின் மேல் பாட்டரி என்று எழுதாதே, பிஸ்கட் என்று எழுது.