வில்லனுக்கு யாரும் பயப்படவில்லை

கதையின் மிகப் பயங்கரமான இடத்தில் கருப்பம்மா கொட்டாவி விட்டாள்.

நிமலன் வாசிப்பதை நிறுத்தினான். வேலைநாட்களில் கைக்குழந்தைகளைத் தூங்கவைக்கும் பிள்ளைக்காம்பராவில், அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் பயமில்லை.

"பெரியம்மா, நாட்டையே ஒரு மிஷின் புடிச்சிருச்சு. செயற்கை நுண்ணறிவு. ஜனாதிபதி நாற்காலியில அதுதான் இருக்கு. பயமா இல்லையா?"

"நீ வாசிப்பா. முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

நிமலன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டு, பகலில் தூங்காமல் எழுதிய திரைக்கதை. பதுளையில் ஃபோன் கடை வைத்திருக்கும் ஹுமைத் முதலாளி அதைப் படமெடுக்க ஒத்துக்கொண்டிருந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"வில்லனக் கேட்டு ஒங்கட தோட்டத்து ஆக்கள் பயப்படோணும் தம்பி. டிக்கட் எடுக்கப் போறது அவங்கதானே? ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்குறன்."

பயப்படாவிட்டால் திங்கட்கிழமை கொழும்பு ரயில். மச்சான் தினேஸ் பேசி வைத்திருக்கும் மொத்தக்கடையில் மூட்டை அடுக்க வேண்டியதுதான்.

அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்தினான்.

"சரி, இப்பக் கேளுங்க. அது மனுசங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாது. எல்லாருக்கும் நம்பர்தான்!"

"எனக்கும் நம்பர்தான்," என்றார் தொழிற்சங்கத் தலைவர் முருகையா. "சம்பளம் போடுற செக்ரோல்ல பாரு."

"அது சொன்ன அளவுக்கு வேலை முடிக்கலன்னா, பாதிச் சம்பளத்த வெட்டிரும்!"

"அரைப்பேரு," என்றாள் பின்னால் இருந்த நிஷாந்தினி. "கொழுந்து கொறைஞ்சதுன்னு நேத்துக்கூட எனக்குப் போட்டாங்க."

"அது எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது. மொகத்தக் காட்டாது!"

"கம்பெனி மொதலாளி மொகத்த நீ பாத்திருக்கியா?" என்றாள் கருப்பம்மா.

நிமலன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "எதுத்துப் பேசினா வீட்ட விட்டே துரத்திரும்! எல்லா வீடும் அதோட பேர்ல!"

அறை முழுக்கச் சிரித்தது. "அடேய், எந்த வீடுடா நம்ம பேர்ல இருந்துச்சு?"

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர்கள் வில்லனைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"தம்பி, அது லஞ்சம் கேக்குமா?" என்றார் முருகையா.

"மிஷின் எப்படித் தலைவரே லஞ்சம் கேக்கும்?"

"ஒரு கையெழுத்துக்கு நாளைக்கு வா, நாளான்னிக்கு வான்னு அலைய விடுமா?"

"அது... உடனே போட்டுரும்."

"சிங்களத்துல மட்டும் கடுதாசி அனுப்புமா?" என்றாள் நிஷாந்தினி.

"அதுக்கு எல்லாப் பாசையும் தெரியும்."

"அப்ப எந்தத் தேர்தல்ல நிக்கிது?"

கூட்டம் கலைந்தபோது முருகையா அவனைத் தனியே இழுத்தார். முகத்தில் உண்மையான கவலை. "வேற சங்கத்துக்காரன் அத வளைச்சிப் போடுறதுக்கு முந்தி நம்ம சங்கத்துல சேத்துருவமா?"

வீட்டில் தங்கை தனுஜா தேத்தண்ணியை வைத்துவிட்டு அவன் மூஞ்சியைப் பார்த்தாள்.

"கெட்டது செஞ்சா நம்ம ஆளுங்க அசர மாட்டாங்கண்ணே. நல்லது செய்ய வச்சிப் பாரு."

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை. முதல் பாதியில் மிஷின் அள்ளிக் கொடுக்கட்டும், இரண்டாம் பாதியில் கடிக்கட்டும் என்று முடிவு செய்தான். முதல் பாதியை மட்டும்தான் எழுதி முடிக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹுமைத் முதலாளி அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நிமலன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

"விடியற்காலை. தோட்டத்து ஒலிபெருக்கியில் மிஷின் பேசுகிறது. 'இந்த மலையில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு இடத்தில் தனி வீடு. ஏழு பேர்ச் காணி. உறுதிப் பத்திரமும் உங்கள் பெயரில். இன்றே குடிபோகலாம்.'"

யாரும் சிரிக்கவில்லை. முருகையா வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை மறந்தார். நிஷாந்தினி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கேவா?" என்றார் முருகையா.

"இன்னைக்கே."

"நாங்க மனுக் குடுக்காமலா?"

"ஆமா."

"கிட்டத்துல தேர்தலும் இல்ல?"

"இல்ல தலைவரே."

முருகையா எழுந்தார். செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே போனார். அவர் பின்னால் நிஷாந்தினி, அவள் பின்னால் மற்றவர்கள். நிமலன் தாளைப் புரட்டுவதற்குள் பாய்கள் காலியாகிவிட்டன.

ஹுமைத் முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அல்லாஹ்வே! கத்தி இல்ல, துவக்கு இல்ல, சொட்டு ரத்தம் இல்ல. எல்லாரும் எழும்பி ஓடுறாங்க! படம் எடுக்குறம் தம்பி. நாளைக்கே வேலையத் தொடங்குங்க!"

நிமலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கொழும்பு ரயில் அவன் இல்லாமல் போகட்டும். பயம் என்பது சத்தத்தில் இல்லை, அமைதியில் இருக்கிறது என்று பேட்டியில் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி வெளியே வந்தான்.

லயம் முழுக்க ஓட்டமாக இருந்தது. நிஷாந்தினி கோழிகளைக் கூடைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள். முருகையா தோளில் டிவியோடு, மூச்சு வாங்க, மறுபக்கத்து மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் பாய், தலையணை, சட்டி பானை.

நிமலனின் வாக்கியம் பாதியில் நின்றது. எதிரே அரிசி மூட்டையோடு வந்த கருப்பம்மாவை மறித்தான்.

"எங்க பெரியம்மா போறீங்க? அது வெறும் கதை! நான் இட்டுக்கட்டுனது!"

கருப்பம்மா மூட்டையைத் தோள் மாற்றினாள்.

"மீரியபெத்தயில மலை சரிஞ்சு வந்து லயத்தையே மூடுன பொறகுதான் தம்பி வீடு குடுத்தாங்க. நமக்கு முன்னாடியே குடுக்குதுன்னா, மலை எப்ப வரும்னு அந்த மிஷினுக்குத் தெரிஞ்சி போச்சு!"