விரல் என்னுடையது, சத்தம் கம்ப்யூட்டருடையது

அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். கீபோர்டில் கை வைப்பேன். ஆனால் வாசிக்க மாட்டேன்!

விஷயம் இதுதான். இத்தனை காலம் கூட்டத்தோடு கூட்டமாகக் கோரஸ் பாடிய என் மனைவி, முதன்முதலாக எங்கள் குடியிருப்பு விழா மேடையில் தனியாகப் பாடப்போகிறாள். அவளுக்கு வாசிக்க இருந்த மாடி வீட்டுப் பல் டாக்டர் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் வாசிப்பார்"னு சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள் இவள். நான் வாசிப்பேன்தான், கதவைச் சாத்திக்கொண்டு. நாலு பேர் எதிரில் என்றால் பத்து விரலும் பத்துத் திக்கில் ஓடும். என்னால் அவள் பாட்டு கெட்டுப்போனால்?

"பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"பயமா? எனக்கா?"

"முழியே சரியில்லையே!"

"இது தன்னம்பிக்கை முழி!"

லேப்டாப்பில் இசைக்குறிப்பு எழுதும் சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. நாம் ஸ்வரத்தை எழுதிக் கொடுத்தால் அதுவே வாசித்துக் காட்டும். முழுப் பாட்டையும் எழுதினேன். பல்லவி இரண்டு தடவை வர ரிப்பீட் போட்டேன். அவள் குரலை அமுக்கிவிடாதபடி வால்யூமை ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். மேடையில் லேப்டாப் வாசிக்கும். கீபோர்டின் சத்தம் பூஜ்யம். நான் சும்மா விரலை ஆட்டினால் போதும்!

ஆட்டுவதும் லேசுப்பட்ட காரியமில்லை, சார். கம்ப்யூட்டர் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் போனால் மானம் கப்பலேறிவிடும். அதனால் ரிப்பீட்டில் ஓடவிட்டு, கூடவே தினமும் விரலாட்டிப் பழகினேன். ஏமாற்றுவதற்கு இவ்வளவு உழைக்க வேண்டும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

விழா நாள் வந்தது. திரை விலகும் முன், "வயரெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு வரேன்" என்று மேடைக்குப் போய்விட்டு வந்தாள். பாவம், எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

லேப்டாப்பைத் தட்டிவிட்டு விரலை ஆட்டினேன். அடடா, என்ன வாசிப்பு! நடுவில் என் விரல் ஒரு கட்டை தள்ளி விழுந்தது. ஸ்பீக்கரிலும் அதே பிசகு! சே, எழுதும்போதே தப்பாக எழுதித் தொலைத்திருக்கிறேன்.

பல்லவியை இரண்டு தடவை பாடினாள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அந்த உற்சாகத்தில் மூன்றாவது தடவையும் எடுத்துவிட்டாள். செத்தேன்! கம்ப்யூட்டர் சரணத்துக்குப் போய்விடுமே! என் கை என்னைக் கேட்காமலே அவள் பின்னால் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம். ஆச்சரியம், ஸ்பீக்கரும் அவள் பின்னாலேயே போயிற்று!

வீட்டுக்கு வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னிக்கு வாசிச்சது நான் இல்ல. லேப்டாப்! நீ மூணாவது தடவ பாடினத அது எப்படிப் பிடிச்சுது பாத்தியா?"

"அது எங்க வாசிச்சுது?" என்றாள், தோட்டைக் கழற்றிக்கொண்டே.

"என்ன சொல்ற?"

"போன வாரம் நீங்க சமையலறைல நின்னு காபி குடிச்சீங்க. ரூமுக்குள்ள வாசிப்பு மட்டும் நிக்கவே இல்ல. அப்பவே புரிஞ்சு போச்சு. இன்னிக்கு மேடைல லேப்டாப் சத்தத்த சுத்தமா குறைச்சேன், கீபோர்டு சத்தத்த கூட்டினேன். வாசிச்சது பூரா நீங்கதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானா? அத்தனை பேர் எதிரிலா?

"என் மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கை என்ன நம்பிக்கை? உங்கள ஒரு முறை முறைச்சா வழிக்கு வந்துடுவீங்க. கம்ப்யூட்டர முறைக்க முடியுமா?"