அஞ்சம்மாள் என்றொரு ஸ்கிரிப்ட்

“அஞ்சம்மாள் எங்கங்க?”

திண்டிவனத்துச் சங்கத்திலிருந்து இசைவாணி போனில் இப்படிக் கேட்டபோது, விழுப்புரம் மல்லாட்டை விவசாயிகள் சங்கத்தில் அலெக்ஸ் டீ குடித்துக்கொண்டிருந்தான். கணினி வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

“நேத்து தூக்கிட்டேங்க.”

“தூக்கிட்டீங்களா? இன்னிக்கு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் வெலை போவல!”

அஞ்சம்மாள் என்பது ஒரு ஸ்கிரிப்ட். கணினிக்கு எழுதி வைக்கும் கட்டளை. தினமும் காலை ஆறு மணிக்குக் கணினி தானாக விழித்து, இப்படிப்பட்ட பல ஸ்கிரிப்டுகளை ஓட்டி, மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் விலையை விவசாயிகளின் செல்போனுக்கு அனுப்பும். ஏழு மணிக்கு வியாபாரி களத்துக்கு வருவதற்குள் விலை தெரிந்தாக வேண்டும். அலெக்ஸுக்கு முன்னால் இருந்த ராயப்பன் அவற்றை எழுதி, யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்துவைத்துவிட்டு, பெங்களூருக்குப் போய்விட்டான். திண்டிவனத்துச் சங்கத்திலும் அவையேதான் ஓடின.

அஞ்சம்மாளைத் திறந்து பார்த்தால் ஒரே வரி: அரை மணி நேரம் சும்மா இரு.

சும்மா இருப்பதற்கு ஒரு ஸ்கிரிப்டா என்று அலெக்ஸ் அழித்துவிட்டான்.

“மத்த ஸ்கிரிப்டெல்லாம் மொதல்ல அவளைத்தான் கூப்புடுது. ஆள் இல்லன்னதும் அப்படியே நின்னுபோச்சு” என்றாள் இசைவாணி.

“அந்த அரை மணி எதுக்குங்க?”

“யாருக்குத் தெரியும்? நாலு வருசமா நாங்களும் காத்துக்கினுதான் இருக்கோம்.”

செயலாளர் அரங்கநாதன் எட்டிப் பார்த்தார். “தம்பி, வெள்ளிக்கிழமை கமிட்டி. அன்னிக்குக் காலையில ஏழுக்குள்ள வெலை போனா உன்னை பர்மனென்ட் பண்ற ஆர்டர்ல கையெழுத்து. போவலன்னா நீ ராயப்பனுக்கு முன்னாடியே பெங்களூர் போயிருக்கலாம்னு நெனப்ப.”

அலெக்ஸ் ஜல்தியாக வேலையில் இறங்கினான். அந்த அரை மணியை மட்டும் வெட்டிவிட்டு, அஞ்சம்மாளுக்குத் ‘தொடக்கம்’ என்று கௌரவமாகப் பெயர் மாற்றினான். மாற்றியதை இணையத்தில் அறிவிப்பாகவும் போட்டான். அறிவிப்பை மனிதர்களே படிப்பதில்லை, ஸ்கிரிப்டுகளா படிக்கும்? புதன்கிழமையும் விலை போகவில்லை.

பழைய பெயரில் ஒரு கோப்பு வைத்து, ‘தொடக்கத்தைக் கூப்பிடு’ என்று எழுதினான். எதற்கும் இருக்கட்டும் என்று தொடக்கத்திலும் ‘அஞ்சம்மாளைக் கூப்பிடு’ என்று ஒரு வரி சேர்த்தான். இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. சுற்றுக்கு ஒரு விலை போயிற்று.

வியாழக்கிழமை வல்லத்திலிருந்து விருத்தாசலம் என்ற விவசாயி பேசினார். “ஏம்ப்பா, ஒரே வெலையை நாப்பது தடவ அனுப்புறியே, எனக்கு என்னா காது கேக்கலியா? போனு சூடாகி மடியில வெச்சிக்க முடியல!”

அன்று மாலை அலெக்ஸ் எல்லாவற்றையும் துடைத்து, அஞ்சம்மாள் என்ற பெயரில் வெறும் கோப்பை மட்டும் விட்டுவைத்தான். கூப்பிட்டால் ஆள் உண்டு, வேலை கிடையாது.

வெள்ளிக்கிழமை அவனே ஆறு மணிக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தான். திரையில் சிவப்பாக விழுந்தது: அனுப்ப முடியவில்லை.

இசைவாணி கூப்பிட்டாள். “எங்களுக்குப் போயிடுச்சுங்க! அரை மணி முன்னாடியே! கோளாறு உங்க ஊர்லதான்.”

அலெக்ஸ் கோப்புகளைத் திறந்தான். ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஒரு குற்றமும் தெரியவில்லை. வெளியே தண்ணீர் மோட்டார் வேறு இரைந்து பேஜார் பண்ணியது.

“காலைத் தூக்கு தம்பி” என்றபடி, பெருக்குகிற ஆயா மேசைக்கடியில் துடைப்பத்தை விட்டாள்.

காலைத் தூக்கியவன் குனிந்து பார்த்தான். இணைய மோடத்தின் ஒயர் தரையில் கிடந்தது. அது இருந்த பிளக் பாயிண்டில் தண்ணீர் மோட்டார் ஒயர் சொருகியிருந்தது.

“ஆயா! யாரு இதைப் புடுங்கினது?”

“நான்தான். டேங்க் ரொம்புறதுக்கு அரை மணி ஆவும், செத்த பொறு” என்றாள் ஆயா. “ராயப்பன் தம்பி இருந்தப்ப மிஷினே பொறுத்துக்கினு இருக்கும். ‘உன் பேரையே அதுல எழுதி வெச்சிட்டேன் அஞ்சம்மா’ன்னு சொல்லிட்டுத்தான போச்சு, நீ பாக்கலியா?”