பின்சக்கரத்து எதிரி

மெத்தைக்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோது தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"எந்தக் குளத்துல விழுந்தீங்க?" என்றாள் மனைவி. அப்போதுதான் துடைத்த தரை. ஒரு பழைய துண்டை அவர் காலடியில் வீசினாள்.

"குளமும் இல்ல, குட்டையும் இல்ல. கார் கழுவுற இடம்."

"நம்மகிட்டதான் காரே இல்லையே."

"சைக்கிளோட போனேன். பந்தயத்துக்கு நடுவுல, அவன் எதிர்பார்க்காத நேரத்துல, சடக்குன்னு திருப்பி உள்ள பூந்துட்டேன். தொலைஞ்சான்னு நினைச்சேன். சோப்புத் தண்ணி, பிரஷ் எல்லாம் வாங்கிக்கிட்டு அந்தப் பக்கமா வெளிய வந்து திரும்பிப் பாக்கறேன். அவனும் வர்றான்! புது வண்டி மாதிரி பளபளன்னு வர்றான்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பாதை மாறிப் போனோம்னு ரெண்டு பேரையும் பந்தயத்தை விட்டே தூக்கிட்டாங்க."

அவன் யார் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மெத்தைக்காரர் முதலிலிருந்து ஆரம்பிப்பார் என்ற பயம்.

மெத்தைக்காரர் மெத்தை விற்கிறவர் இல்லை. மெத்தைக் கம்பெனியில் சரக்கு சரிபார்க்கிற வேலை. கம்பெனியின் சைக்கிள் டீமுக்கு அவர்தான் தலைவர். அவன் பைப் கம்பெனி டீமின் தலைவன். காலையில் கிளம்பி, மேடு பள்ளமெல்லாம் சுற்றி, அன்றைக்கே முடிகிற ஒருநாள் பந்தயங்களில் இந்த இருவரை விட்டால் மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தப் பந்தயத்தில் ஒரு மரியாதை உண்டு. முன்னால் போகிறவன் எதிர்காற்றை நெஞ்சில் வாங்குவான். அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆகவே மாறி மாறி முன்னால் போவார்கள். அவன் மட்டும் பேச்சுக்குக்கூட ஒரு தடவை முன்னால் வந்ததில்லை. வழி முழுக்க மெத்தைக்காரர் முதுகுக்குப் பின்னாலேயே வருவான். எல்லைக் கோட்டருகே வைத்த ஸ்பீக்கர் சத்தம் காதில் விழுந்ததும் வெளியே வந்து ஒரே பாய்ச்சல். மூன்று வருஷமாகப் பெரிய பந்தயத்தில் அவன் முதல், இவர் இரண்டாவது.

'நிழல்' என்பது மெத்தைக்காரர் அவனுக்கு வைத்த பெயர். நல்ல மனநிலையில் இருந்தபோது வைத்தது. மற்ற நேரங்களில் வைத்த பெயர்களைக் குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையில் போட முடியாது.

"ஒரு நாள் உக்காந்து பேசித்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"பேசறதா? போன வாரம் மார்க்கெட்ல நேருக்கு நேர் நின்னேன். நானே இறங்கி வந்து சிரிச்சேன். கண்ணைச் சுருக்கி ஒரு முறை முறைச்சான் பாரு! அப்புறம் ஏதோ கரண்ட் கம்பத்தைத் தாண்டுற மாதிரி தாண்டிப் போயிட்டான். போன வருஷம் பரிசு மேடையில என்ன பண்ணான்? ரெண்டாவதா வந்தவனுக்குக் கை குடுக்கணுமா இல்லையா? என்னை விட்டுட்டு, பூங்கொத்து ஏந்திக்கிட்டு நின்ன ஆளோட கையைப் பிடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்குறான்!"

"மறந்திருப்பாரு."

"மறக்கறதா? அதெல்லாம் பயிற்சி. எதிராளியை மனுஷனாவே மதிக்கக் கூடாதுன்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்."

கார் கழுவுமிடம் அவருடைய முதல் தந்திரமும் அல்ல. அதற்கு முந்தைய பந்தயத்தில், "நான் எதுக்குடா உனக்குக் காத்து வாங்கணும்?" என்று வேகத்தைக் குறைத்தார். நிழலும் குறைத்தது. இன்னும் குறைத்தார். அதுவும் குறைத்தது. கேஸ் சிலிண்டர் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் இருவரையும் தாண்டிப் போகும்போது, "என்ன சார், பஞ்சரா?" என்று விசாரித்தார். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு அம்மா ஒன்றும் விசாரிக்காமல் தாண்டினாள். கடைசியில் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் அரைச் சக்கரம் முன்னால் இருந்தது நிழல்தான்.

அதற்கும் முன்னால் ஒரு முறை, அவசரம் என்று பாவனை செய்து புதரோரம் ஒதுங்கினார். நிழலும் நின்றது. நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவர் கிளம்பும் வரை காத்திருந்து, இவர் பின்னாலேயே கிளம்பியது.

"ஒண்ணுக்குப் போறதுல கூட ஒருத்தனுக்கு நிம்மதி இல்லைன்னா இது என்ன விளையாட்டு?" என்று மெத்தைக்காரர் அன்றைக்குத் தெருவே கேட்கும்படி நியாயம் கேட்டார். தெரு கேட்டது. சிரித்தும் தொலைத்தது.

தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மேனேஜர்.

"கம்பெனி மெத்தை செய்யறது மத்தவங்க தூங்கறதுக்குய்யா. நீ தூங்கறதுக்கு இல்ல."

"சார், அவன் பின்னாடியே..."

"பின்னாடி வர்றவன் முதல்ல வர்றான். முன்னாடி போற நீ ஏன் வரலை? பெரிய பந்தயம்தான் உனக்குக் கடைசி. அதுல ஜெயிக்கலைன்னா அடுத்த வருஷம் வேற ஆள் தலைவர். நீ பாட்டில் தூக்கு."

மெத்தைக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நனைந்த கால்சட்டையோடு.

பாட்டில் தூக்குவது என்றால் டீமின் காருக்கும் தலைவருக்கும் நடுவே ஓடி ஓடி, சட்டைக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுக்கிற வேலை. இப்போது அதைச் செய்கிறவன் டேங்கர். கனத்த உடம்பு, கனிந்த மனசு. "குடிங்க தலைவரே" என்பதைத் தவிர அவன் வேறெதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த டேங்கருக்கே தண்ணீர் கொடுக்க வேண்டிவரலாம் என்று நினைத்தபோதுதான் மெத்தைக்காரருக்கு அந்த யோசனை உதித்தது.

அவருடைய ஹெல்மெட் கிளிப்பச்சை. மனைவி தேடிப் பிடித்து வாங்கியது. "கூட்டத்துல உங்களை எங்கேன்னு தேடறது? இதுன்னா தெருமுனையில வரும்போதே தெரியும்" என்று. டீமில் மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளை.

பெரிய பந்தயத்தன்று காலையில் மெத்தைக்காரர் டேங்கரை ஒரு வேனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"இந்தா, இதை மாட்டு. உன்னுதைக் குடு."

"தலைவரே, இது உங்க..."

"எல்லாரும் என்னைப் பாத்துத்தான் ஓட்டுவாங்க. இன்னைக்கு உன்னைப் பாக்கட்டும். நீ மெதுவா ஓட்டு. நான் நைசா நழுவிடறேன். புரியுதா? மெதுவா!"

"குடிக்கத் தண்ணி?"

"நானே எடுத்துக்கறேன்!"

விசில் ஒலித்தது. நிழல் வந்தது. கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. நேராகப் போய் டேங்கரின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டது. வெள்ளை ஹெல்மெட்டுக்குள் மெத்தைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதல் மேட்டிலேயே நழுவினார். ஒருவரும் துரத்தவில்லை. நிழல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பந்தயம் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் நிழலுக்குப் பின்னால், நிழல் டேங்கருக்குப் பின்னால். மெத்தைக்காரர் தன்னந்தனியாகப் பாடிக்கொண்டே மிதித்தார். நெஞ்சில் அடித்த காற்று கூட அன்றைக்கு இனித்தது.

பாலத்தருகே மனைவி நின்றிருந்தாள். மெத்தைக்காரர் கையை உயர்த்திக் காட்டினார்.

"ஓரமாப் போப்பா, மறைக்காதே!" என்றாள் அவள், அவரைத் தாண்டிப் பச்சையைத் தேடிக்கொண்டே.

சிறிது நேரத்தில் பச்சை வந்தது. சொன்ன சொல் தவறாமல் மெதுவாகத்தான் வந்தது.

அவ்வளவுதான். அவள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றுவிட்டாள். "என்னங்க! என்ன அசைஞ்சு அசைஞ்சு வர்றீங்க? எவனோ ஒருத்தன் முன்னாடி போயிட்டான்! மிதிங்க! இந்த வருஷமாவது மானத்தைக் காப்பாத்துங்க!"

பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "தலைவரே, விடாதீங்க!"

டேங்கரின் வாழ்நாளில் யாரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதில்லை. இதுவும் அவன் பெயர் இல்லைதான். ஆனாலும் திரும்பிப் பார்த்தான். நிழல். நிழலுக்குப் பின்னால் ஊர்ப்பட்ட ஆட்கள். தலைவரின் மனைவியே உத்தரவு போடுகிறாள். தலைவர் சொன்ன "மெதுவா" பாலத்துக்கு அடியில் போய்விட்டது. ஆளைத் தூக்கி அடிக்கிற மாதிரி மிதித்தான்.

எல்லைக் கோடு கண்ணில் பட்டபோது மெத்தைக்காரருக்குப் பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. பச்சை ஹெல்மெட் அவரைக் கடந்தது. "மன்னிச்சுக்குங்க தலைவரே, அண்ணி சொல்லிட்டாங்க" என்ற குரலும் கடந்தது. ஸ்பீக்கர் அலறியது. நிழல் வெளியே வந்து ஒரே பாய்ச்சல்.

நிழல் முதல். டேங்கர் இரண்டாவது. மெத்தைக்காரர் மூன்றாவது.

மேனேஜர் டேங்கரின் தோளில் கை போட்டுக்கொண்டார். "அடுத்த வருஷம் நீதான்யா தலைவர்!" பிறகு மெத்தைக்காரர் பக்கம் திரும்பி, இரண்டு காலி பாட்டில்களைக் கையில் கொடுத்தார்.

மெத்தைக்காரருக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. பாட்டில்களோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு நிழலை நோக்கிப் போனார். அங்கே நிழல், பச்சை ஹெல்மெட்டைக் கழற்றாத டேங்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்கலங்கி நின்றது.

"அண்ணே, நீங்க இல்லைன்னா நான் இல்லைண்ணே. ஒவ்வொரு வருஷமும் சொல்லணும்னு நினைப்பேன், அதுக்குள்ள எங்கயோ போயிடுறீங்க."

"யோவ்!" மெத்தைக்காரர் போட்ட சத்தத்தில் ஸ்பீக்கரே அடங்கியது. "இத்தனை வருஷமா உனக்குக் காத்து வாங்கின நெஞ்சு இங்க நிக்குதுய்யா! கட்டிப்பிடிக்கறதுக்கு உனக்கு அவன்தான் கிடைச்சானா?"

நிழல் குரல் வந்த பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கியது. மிகவும் பணிவாகக் கேட்டது: "சார் யாரு?"

மெத்தைக்காரர் பாட்டிலை ஓங்கிவிட்டார். அதற்குள் நிழலின் மனைவி ஓடி வந்து குறுக்கே நின்றாள். அக்கம்பக்கம் பார்த்தாள். கைப்பையிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றைப் பாதி வெளியே எடுத்துக் காட்டிவிட்டு உடனே உள்ளே தள்ளினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, இது வெளிய தெரிஞ்சா இவரை டீமை விட்டே தூக்கிடுவாங்க. பத்தடிக்கு அந்தப் பக்கம் இவருக்கு ஒண்ணுமே தெரியாது, உங்க பச்சையைப் பாத்துத்தான் இத்தனை வருஷமா வழி தவறாம வந்து சேர்றாரு. அடுத்த வருஷமும் அந்த ஹெல்மெட்டை நீங்களே போட்டுக்குங்கண்ணே, புண்ணியமாப் போகும்."