தொட்டிலடித் தூசியும் மாமாவின் நாற்காலியும்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று உறுதியளித்துத் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம், தம்பிப் பாப்பாவின் மூச்சைத் தவிர. தங்கள் நலத்தை விசாரிப்பது இக்கடிதத்தின் முடிவைப் பொறுத்தது.

பாப்பாவின் நெஞ்சில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வருவதால், பிறந்த குழந்தைகளின் மூச்சை ஆராயும் அத்தையை அப்பா வரவழைத்தார். வந்தவர் பாப்பாவைக் கொஞ்சவில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரமும் கையுமாக அவன் வயிற்றையே முறைத்தார். எனக்கு அப்போதே சந்தேகம். பிறகு தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் வாயில் என் பள்ளிக்கூடக் காலுறையை (துவைத்ததுதான்) மாட்டி, தொட்டிலடியிலும் நாற்காலிகளிலும் உறிஞ்சி, அதை முடிச்சுப் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அண்ணன் வீட்டுத் தூசியை யாராவது கடத்துவார்களா மாமா? அம்மா பூனையைச் சந்தேகித்தார். பூனை எல்லோரையும் சந்தேகித்தது.

இன்று மாலை அத்தை முடிவோடு வந்தார். "பூனைய விடுங்க அண்ணி. இது சிகரெட். யாரு பிடிக்கிறா?"

"வேற யாரு? உன் தம்பிதான்!" என்று அப்பா அம்மாவிடம் பாய்ந்தார். "ஞாயித்துக்கிழமை வர்றப்பல்லாம் அந்த நாற்காலியிலதானே சாயுறான்?"

"விட்டுட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணினானே!"

"சத்தியந்தானே? காசா பணமா?"

"வெளியில பிடிச்சாலும் கையிலயும் சட்டையிலயும் ஒட்டிக்கிட்டு வரும். அதோட பாப்பாவத் தூக்கினா மூச்சு இழுக்காம என்ன செய்யும்?" என்றார் அத்தை.

அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தது.

நானும் தங்கள் நாற்காலியை முகர்ந்தேன். பூனை வாசம்தான் வந்தது. ஆனால் அப்பா பொய் சொல்லமாட்டார். "ஞாயித்துக்கிழமை மட்டுமில்ல, இனி எப்பவும் அவன் இந்த வாசப்படிய மிதிக்க வேணாம்" என்று அம்மா அழுதுகொண்டே சொல்லிவிட்டார். ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். பாப்பாவுக்குக் கேட்கத் தெரியாது. அவனுக்காக நான் கேட்கிறேன்.

வணக்கத்துடனும் சந்தேகத்துடனும்,
தங்கள் மருமகள்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். "எழுதினது போதும், தூங்கு" என்று அப்பா விளக்கை அணைத்துவிட்டுப் போனார். இருட்டானதால்தான் ஜன்னலுக்கு வெளியே, மாடிப்படியில், ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

"அப்பா?" என்றேன்.

புள்ளி கீழே விழுந்தது. "கடிதத்த ஒட்டிட்டியா?"

"இல்லப்பா."

செருப்பால் எதையோ தேய்க்கும் சத்தம் கேட்டது. "மாமாவ ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

இப்போது குழாய் ஓடும் சத்தம் கேட்கிறது. கோழிக்கிறுக்கலுக்கு மன்னிக்கவும். விளக்கை அணைத்துவிட்டார்கள்.