ஏஐ கண்டுபிடித்த என் நோய்

அசடு வழிவதிலும் ஒரு கம்பீரம் வேண்டும் என்பது என் கொள்கை. நாற்பது பேர் நடுவில் வழிந்தவள் சொல்கிறேன்.

குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினெட்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். எங்கள் டாக்டர் தாம்பரத்தில் புதுக் கிளை திறக்கவிருந்தார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஏஐ அங்கே வருகிறது, அதற்கான ஒரு நாள் பயிற்சியில் யார் தேறுகிறாரோ அவர்தான் இன்சார்ஜ் என்றார். போட்டிக்கு நானும், என்னைவிடப் பத்து வயது சின்னவனான வினோத்தும். (அவன் செல்போனை வாயால் பேசியே வேலை வாங்குவான். நான் இன்னும் டிவி ரிமோட்டைத் தட்டித்தான் வேலை வாங்குகிறேன்.)

பயிற்சிக்கு ஆளுக்கொரு நெஞ்சு எக்ஸ்ரே கொண்டுவரச் சொன்னார்கள். நோயாளிகளின் படத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. எனக்கோ பத்து நாளாக இருமல், எப்படியும் படம் எடுக்க வேண்டும். முதல் நாள் மாலை அவசர அவசரமாகப் போய் நின்றேன். பட்டனை அழுத்தியவன் வினோத். டாக்டரிடம் காட்டக்கூட நேரமில்லை.

மறுநாள் தாம்பரத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில், என் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். வலது நுரையீரலின் உச்சியில் ஏஐ ஒரு சிவப்புக் கட்டம் போட்டது. காசநோய் சந்தேகம்.

பக்கத்து நாற்காலிக்காரர் முதலில் பையை நகர்த்தினார், பிறகு நாற்காலியை. வினோத் எங்கிருந்தோ ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டான். பயிற்சி கொடுத்த சார், ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, சளிப் பரிசோதனை வேண்டும் என்று எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்ன வாய் என்னுடையது. அன்று அந்த வாய் வெளியே ஓடி, வீட்டுக்காரருக்கு போன் போட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அழுதது.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. என் நெஞ்சைப் பற்றி ஒரு பெட்டி சொல்வது, நான் கேட்டுக்கொள்வதா? நேரே திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, கழுத்துப் பக்கம் முறுக்கு முறுக்காக ஏறியது.

"சார், இது டிபி இல்ல. என் சடை."

ஹாலே சிரித்தது. நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வரும் பெண்களிடம் நாங்கள் சொல்லும் முதல் வார்த்தையே, முடியைத் தூக்கிக் கட்டுங்கள் என்பதுதான். சார் விடவில்லை. "பதினெட்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு சொன்னீங்களே மேடம்?"

"மறந்துட்டேன் சார், தப்புதான். ஆனா மெஷினுக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியல, இங்க உக்காந்திருக்கற நாப்பது பேருக்கும் தெரியல. தப்பு பண்ண நான்தானே கண்டுபுடிச்சேன்?"

வினோத் மாஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் போட்டான். அன்று மாலையே கொண்டை போட்டுக்கொண்டு மறுபடி படம் எடுத்தேன், நுரையீரல் சுத்தம். நடந்ததைக் கேட்ட டாக்டர், மெஷின் சொல்வதை மறுபடி பார்க்கிற ஆள்தான் தனக்கு வேண்டும் என்று என்னையே இன்சார்ஜ் ஆக்கினார். வினோத் இப்போது என்னிடம்தான் லீவு கேட்கிறான்.

அந்தக் கலவரத்தில் நல்ல சேதியை வீட்டுக்குச் சொல்ல மறந்திருந்தேன். அன்று இரவு பம்மலில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், நான் அழுத போனை நம்பிய மாமியார் அழுதுகொண்டே எனக்கென்று ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அதற்கு இன்றைக்கும் ஏஐ தட்டு என்றுதான் பெயர். பெருநாள் பிரியாணியை நான் அதில்தான் சாப்பிடுவேன். பெரிய கறித்துண்டு அதில்தான் விழ வேண்டும். கழுவி வைப்பது என் வீட்டுக்காரர்.