சுவரண்ணையின் இரண்டடிக் கல்

தொண்ணூறுகளின் டொரொன்டோவில் சுவரண்ணையிடம் அவமானப்படாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் சுகம் விசாரிக்க மாட்டார். நேரே போய்ச் சுவரைத் தட்டுவார். உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்டதும் மூக்கைச் சுளிப்பார்.

"உது சுவரே? பிஸ்கற் பெட்டி!"

சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடமொன்றில் நாங்கள் ஐந்து இளைஞர்கள் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தோம். அவரும் அக்காவும், அதாவது அவர் மனைவியும், அடுத்த கதவு. அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

எங்கள் அறைத்தோழன் சிவாவின் மாமா நகருக்கு வெளியே பிக்கரிங்கில் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, சுவரண்ணை வரவேற்பறைச் சுவரைத் தட்டினார். திருப்தியில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினார். கை மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது. ஐயர் நிறுத்திவிட்டார். மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது. சுவரண்ணை ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கை பஞ்சு" என்று சபைக்கு அறிவித்தார். ஓட்டைக்கு மேலே அன்றே ஒரு பிள்ளையார் படம் ஏறியது.

கொஞ்ச நாளில் பிக்கரிங்கையும் தாண்டி, பஸ் போகாத வயல்வெளியில், ஒரு பழைய கல்வீட்டை வாடகைக்குப் பிடித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு விவசாயி, உழும்போது கிளம்பிய கல்லையெல்லாம் பொறுக்கிக் கட்டிய வீடாம். நடுவில் கதவு, இரண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி ஜன்னல்கள், இரண்டு முனையிலும் புகைபோக்கி. கதவுக்கு மேலே, கட்டிய வருடம் செதுக்கிய கல். போகிறவர்களை எல்லாம் பனிக்குள் நிறுத்தி வைத்து விளக்குவார்.

"சுவர் ரெண்டடித் தடிப்பு, தம்பி! ஜன்னல் விளிம்பிலை ஒரு ஆள் படுக்கலாம். முன்பக்கக் கல்லுமட்டும் செதுக்கினது, பின்பக்கம் கரடுமுரடு. வெள்ளைக்காரனும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான், றோட்டுப்பக்கம் மட்டும் வடிவு!"

உள்ளே வெளியைவிடக் குளிர். சுவரில் ஈரம் வழியும். அக்கா இரண்டு சுவெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் தோசை சுடுவாள்.

மே மாதம், மகாராணி பிறந்தநாள் விடுமுறைக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பொழுது சாயத் தூரத்தில் வாணவேடிக்கை தொடங்கியது. முதல் வெடிக்கே சுவரண்ணை எழும்பிவிட்டார்.

"எல்லாரும் கீழை! கீழை!"

கோப்பையும் கையுமாக நிலவறைக்குள் விரட்டப்பட்டோம். அங்கே தண்ணீர்க் கலன், மெழுகுதிரி, பாய், பிஸ்கட் எல்லாம் தயாராக இருந்தன. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணை, உது ராணியின்ரை பேர்த்டே!" என்றான் சிவா.

அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, அது சாயாமல் தாங்குகிறவர் போல நின்றார். அக்கா என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள்:

"ஊரிலை பொம்பர் பிளேன் வந்த அண்டைக்கு எங்கடை பிள்ளையள் ரெண்டும் நித்திரை. குண்டு றோட்டிலைதான் விழுந்தது. பிள்ளையளுக்கு மேலை விழுந்தது சுவர். இவர் தன்ரை கையாலை கட்டின சுவர்."

அதற்குப் பிறகு எங்களில் எவரும் சிரிக்கவில்லை. வெடிச்சத்தம் ஓயும்வரை அந்தக் குளிரில் அவரோடு நின்றோம்.

அடுத்த குளிர்காலத்தில் புகைபோக்கிக்குள் படிந்திருந்த பழைய கரி தீப்பிடித்தது. கல்வீடு என்று பெயரே தவிர, உள்ளே தரை, படி, கூரை எல்லாம் காய்ந்த மரம். செய்தி கேட்டு சிவாவின் காரில் விடிய ஓடினோம். கூரை இல்லை, மாடி இல்லை. தீயணைப்புத் தண்ணீர் உறைந்து ஜன்னல்களில் தொங்கியது. நாலு சுவரும் நிமிர்ந்து நின்றன.

யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் அக்கா நின்றாள். எங்களைக் கண்டதும், "பாத்தீங்களே தம்பி, இவரின்ரை சுவருக்கு ஒண்டும் ஆகேல்லை" என்றாள். சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்து, சிரிப்பு அழுகையானது.

சுவரண்ணை வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவள் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். "நீ நிக்கிறாய். எனக்கு அது காணும்" என்றார்.

இருவரையும் எங்கள் அப்பார்ட்மென்டுக்கே கூட்டிவந்தோம். அக்காவுக்கு அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹோலில் வரிசையாகப் படுத்தோம். சுவரண்ணை மட்டும் படுக்கவில்லை. பிள்ளைகள் போன நாளிலிருந்து அவர் ஒழுங்காகத் தூங்கியதில்லை என்று அக்கா சொன்னாள். கதிரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது இருமினால் எழும்பி வந்து குனிந்து பார்ப்பார்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் வேலைக்குப் புறப்பட எழும்பினோம். கதிரை காலியாக இருந்தது. சுவரண்ணை எங்கள் பாய்களுக்கு நடுவே, வாயைப் பிளந்து, ஊரே அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கால் சிவாவின் வயிற்றுக்கு மேலே கிடந்தது.

சிவா அசையாமல் கிடந்து, கண்ணால் எங்களைக் கதவுப் பக்கம் காட்டினான்.

"நீங்கள் போங்கோடா. நான் இண்டைக்கு வரேல்லை" என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

நாங்கள் நாலு பேரும் சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, லிஃப்ட் வாசலில் நின்றுதான் போட்டுக்கொண்டோம்.